புள்ளிக் கணக்கும் சந்தாக் கணக்கும்

தனியொரு ஆள் கைக்காசைப் போட்டு ஒரு பத்திரிகையைத் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று வருஷங்களில் அவனுக்கு என்ன நேர்கிறது என்பதை நம் இதழியல் வரலாறுகள் சொல்வதில்லை. தொடங்கிய ஆண்டு, நின்ற ஆண்டு, எழுதியவர்களின் பட்டியல். முடிந்தது. சிறுபத்திரிகை என்று பேச்செடுத்தாலே மணிக்கொடி, அங்கிருந்து நேராக 1959இல் செல்லப்பாவின் எழுத்து என்று ஒரு ராஜபாட்டையைப் போட்டு வைத்திருக்கிறோம். இது இலக்கிய உருவம் நடந்துபோன பாட்டை. யாருடைய காசில், யாரை நோக்கி, யாரைப் பகைத்துக்கொண்டு என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. செட்டிநாட்டுப் பக்கம் வந்தாலோ இவற்றைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

காரைக்குடியில் 1917இல் இந்து மதாபிமான சங்கம் தோன்றுகிறது. 1919இல் பாரதி அங்கே வருகிறார். இன்று நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கும், கையில் தடியோடு நிற்கும் பாரதி படம் அப்போது எடுத்ததுதான். மறு வருஷம், 1920இல், அந்தச் சங்கத்தோடு ஒட்டி உறவாடிய இளைஞர்களிடமிருந்து ஒரு பத்திரிகை வருகிறது. பெயர் தனவைசிய ஊழியன். சொ. முருகப்பாவும் ராய. சொக்கலிங்கமும் அதில் முன்னால் நின்றவர்கள். பெயரை ஒரு பிரதியாக வைத்துப் படித்துப் பாருங்கள். பத்திரிகை யாருக்கு என்பது தலைப்பிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. வாசகன் என்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. அவன் இடத்தில் சாதிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் அச்சேறும் இதழைப் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போன ஆட்கள் படிப்பார்கள், சந்தா கட்டுவார்கள், ஒரு கல்யாணம் வந்தால் நன்கொடை கொடுப்பார்கள் என்பது கணக்கு. ஆரம்ப நாளில் இது சௌகரியமான ஏற்பாடுதான். முகவரி தேட வேண்டாம். ஒன்பது கோயில் புள்ளிக் கணக்கே கையில் இருக்கிறது.

புள்ளி என்பதை வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நகரத்தாரிடையே மணமான தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். புருஷன் செத்துப்போனால் அந்தப் பெண் அரைப்புள்ளி. ஒரு சமூகம் தன் ஆட்களை எண்ணுகிற முறையிலேயே ஒருத்தியைப் பாதியாக்கி எழுதி வைத்துக்கொள்கிறது. பேரேட்டுக்காரர்களின் அதிகாரம் எப்போதும் எண்ணிக்கையின் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது.

சாதிச் சீர்திருத்தம் என்று தொடங்கியவர்களுக்கு இங்கேதான் முதல் நெருக்கடி. வரதட்சிணை, ஆடம்பரக் கல்யாணம் பற்றி எழுதும்வரை பெரியவர்கள் தலையை ஆட்டுவார்கள். அதைத் தாண்டினால் 'இந்தா அனுப்புறேன்' என்ற சந்தா வராது. தனவைசிய ஊழியன் பிற்பாடு ஊழியன் ஆனது. முன்னொட்டு உதிர்ந்தது சின்ன விஷயமில்லை. சாதியின் ஊழியனாக இருந்தவன் வெறும் ஊழியன் ஆகிறான். அப்படியானால் யாருக்கு என்ற கேள்வி திறந்துகொள்கிறது. ராய.சொ. அதை நெடுங்காலம் நடத்தினார். காந்தியம், தமிழ் என்று அதற்கு விடையும் வைத்திருந்தார். 1930களில் புதுமைப்பித்தன் சிறிது காலம் அங்கே வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நம் விமர்சகர்களுக்குக் காரைக்குடி நினைவுக்கு வருவது இந்த ஒரு காரணத்தால் மட்டுமே என்பதுதான் வேடிக்கை.

முருகப்பா தனியாக குமரன் நடத்தினார். 1925இல் ஈரோட்டில் குடி அரசு வந்த பிறகு தமிழகம் முழுக்க வீசிய சுயமரியாதைக் காற்று குமரனுக்குள்ளும் நுழைந்தது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். கணவனை இழந்த மரகதவல்லியை அவர் மணந்துகொள்கிறார். 1936இல் மாதர் மறுமணம் என்றொரு மாத இதழ் வருகிறது. ஆசிரியர் மரகதவல்லி. ஒரு பத்திரிகையின் முழு விவகாரமும் மறுமணம் ஒன்றே. அதை நடத்துகிறவள் மறுமணம் செய்துகொண்ட பெண். சொந்த வாழ்க்கையும் பத்திரிகையும் ஒன்றுக்கொன்று ஜாமீனாக நிற்கிற இந்த இடம், 'தனிநபர் பத்திரிகை' என்று நாம் சாவகாசமாகச் சொல்லும் சொல்லுக்கு வேறொரு எடையைக் கொடுக்கிறது. அச்சுக்கூலி பாக்கியை ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். அரைப்புள்ளி என்று எழுதி வைத்திருக்கிற ஊரில், நான் முழு ஆள் என்று மாதாமாதம் தபாலில் அனுப்புவது வேறு காரியம். இதழ் சில ஆண்டுகளே நடந்தது. நம் சிறுபத்திரிகை வரலாறுகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. உருவச் சோதனை எதுவும் செய்யவில்லை என்பதாலா, ஆசிரியர் ஒரு பெண் என்பதாலா?

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ரங்கூனில் தனவணிகன் என்ற பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். மறுபடியும் பெயரைக் கவனியுங்கள்: அதே தனம், அதே வணிகம். பிறந்தது 1911. புகைப்படக் கலை படிக்க ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய், 1937இல் அட்லாண்டிக்கில் கப்பலில் வரும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதென்று முடிவு செய்து, நாடு நாடாக அலைந்து படச்சுருள் சேர்த்து 1940இல் வெளியிட்டவர். இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் நிற்க விரும்புவது 1943இல், அவர் குமரி மலரைத் தொடங்கிய இடத்தில்.

1942இல் ஜப்பானியர் கையில் பர்மா விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார்கள் பிடியில் வந்து சேர்ந்திருந்தது. மந்தக் காலத்தில் கடனுக்கு ஈடாகப் பர்மிய விவசாயியிடமிருந்து கைமாறிய நிலம். அதை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. தனவணிகனைப் படித்த ரங்கூன் தெருக்களில் அந்த வாசகன் இல்லாமல் போனான். அடுத்த வருஷமே, காகிதக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரத்தில், ஒருவர் தனியாகப் பத்திரிகை ஆரம்பிக்கிறார். பெயரில் தனமும் இல்லை, வணிகமும் இல்லை; தமிழ்நாட்டின் தென்கோடி இருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சாதியின் கணக்குப் புத்தகம் கிழிந்த பிறகுதான் சாதியைத் தாண்டிய வாசகனைத் தேடுவது அவசியமாகிறது, சாத்தியமும் ஆகிறது.

ஆனால் பத்திரிகையின் பெயரிலிருந்து போனது ஆசிரியரின் பெயரிலிருந்து போகவில்லை. கருப்பன் என்ற பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, செட்டியார் முழுதாக நின்றுவிட்டது. அந்தத் தலைமுறையில் அது வழக்கம்தானே என்பார்கள். வழக்கம்தான். வழக்கத்தைத்தான் கேட்கிறோம்.

குமரி மலரை அவர் 1983இல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், இடைவெளிகளோடு நடத்தினார். அதில் அவருடைய குரல் மிகக் குறைவு. பழைய பத்திரிகைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் தேடியெடுத்த பகுதிகள், பயணக் குறிப்புகள், மறந்துபோன பாரதி எழுத்துகள். தொகுத்து வைத்துவிட்டு ஆள் ஒதுங்கிக்கொள்வார். தனிநபர் பத்திரிகையில் தனிநபரே காணாமல் போகிற விசித்திரம் இது. காந்தி படத்துக்காக அலைந்த கதையையே கடைசிக் காலத்தில்தான் அதில் எழுதினார், ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அண்ணல் அடிச்சுவட்டில் என்ற நூலாக அது வந்தது 2003இல். இந்த அடக்கத்தைப் புகழாதவர் இல்லை. எனக்கு அதில் பாதி மரியாதை, பாதி சங்கடம். மரகதவல்லிக்குத் தன்னை முன்னிறுத்தாமல் பத்திரிகை நடத்த முடியாது. ஒதுங்கி நிற்பது ஏற்கெனவே முழுப்புள்ளியாக எண்ணப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் வசதி. முருகப்பாவும் மரகதவல்லியும் இழுத்துவிட்ட மாதிரி ஒரு சண்டையை குமரி மலர் இழுக்கவும் இல்லை. அதே சமயம், அந்த மாதிரிச் சண்டைகள் அச்சில் நடந்தன என்பதை நாளைக்கு யாராவது தேடிப் பார்க்கவேண்டும் என்றால் அவரைப் போல ஒரு கிறுக்கு வேண்டியிருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஐந்தொகை போட என்னால் ஆகவில்லை.

அதே கோட்டையூரில் இன்னொரு கிறுக்கும் இருந்தார். ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று வீட்டை நிறைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, அது 1994இல் சென்னைக்குப் போனது. அழகப்பர் கல்லூரி கட்டிய ஊர்ப்பக்கம், ஆயிரம் ஜன்னல் வீடு கட்டிய ஊர்ப்பக்கம், இந்தத் தாள்களுக்கு ஒரு கூடம் கிடைக்கவில்லை.

மானகிரியிலும் சுற்று வட்டாரத்திலும் இப்போதும் வீடுகளைப் பிரிக்கிறார்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை இருக்கிறது. பரணிலிருந்து இறங்கும் காகிதம் எடைக்குப் போகிறது. பேரேடு எது, பத்திரிகை எது என்று பிரித்துப் பார்க்க யாரும் உட்காருவதில்லை.