எமில் கூவேயும் தன்னூக்க வாக்கியமும்

பரீட்சை நெருங்கும் காலத்தில் மாணவர் தங்கும் அறைகளின் சுவர்களிற் சில கடதாசித் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கக் காணலாம். "என்னால் முடியும்", "வெற்றி எனதே" என்பன போன்ற வாக்கியங்கள் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். காலையில் எழுந்ததும் அவற்றை உரத்து வாசித்துவிட்டே படிக்க உட்காருவோர் பலர். கைத்தொலைபேசி வைத்திருப்போருக்கு அக்கருவியே இவ்வாசகங்களை நேரந்தவறாது நினைவூட்டுகின்றது. இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் யார்? அவர் கூறியது யாது? அவர் கூறியவற்றுள் நாம் எதனைப் பற்றிக்கொண்டோம், எதனை மறந்துவிட்டோம்? இவற்றை வரலாற்றின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனக்குத்தானே நல்லுரை கூறிக்கொள்ளுதல் மிகப் பழைய வழக்கம். கி.பி. 180இல் இறந்த உரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் ஒரேலியஸ், ஆட்சியும் போரும் தந்த அலைச்சலுக்கிடையே, தன் மனத்தைச் செம்மைப்படுத்தும் பொருட்டுக் கிரேக்க மொழியிற் குறிப்புகள் எழுதினான். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790) பதின்மூன்று நற்குணங்களை நிரற்படுத்தி, வாரத்துக்கு ஒன்றாகக் கருத்திற் கொண்டு, அன்றன்று நேர்ந்த தவறுகளைச் சிறு புத்தகமொன்றிற் புள்ளியிட்டு வந்தார். எனினும், ஒரே வாக்கியத்தை நாடோறும் பலமுறை உருவேற்றும் முறையை மருத்துவக் கூடத்திலிருந்து சாதாரண மக்களின் வீடுகளுக்குக் கொண்டு சென்றவர் பிரான்சு தேசத்து மருந்துக் கடைக்காரர் ஒருவரே. அவர்தான் எமில் கூவே.

கூவே 1857ஆம் ஆண்டு துரோவா என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் புகையிரத ஊழியர். மகனுக்கு இரசாயன ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தும், குடும்பத்தின் வறுமை அதற்கு இடந்தரவில்லை. ஆகவே மருந்தாளர் தொழிலைக் கற்று 1882 முதல் துரோவாவிலே கடை நடத்தினார். மருந்தைக் கொடுக்கும்போது அதன் சிறப்பை இரண்டொரு வார்த்தைகளாற் புகழ்ந்து கொடுத்தால், அதே மருந்து கூடுதலான பலன் தருவதை அங்கே அவர் கவனித்தார் என்பர். மருந்து வேலை செய்தது ஒரு பங்கு. வார்த்தை வேலை செய்தது மறுபங்கு.

அக்காலத்தில் நான்சி நகரிலே லீபோல்ட் என்ற வைத்தியரும், பேர்ண்ஹைம் என்ற மருத்துவப் பேராசிரியரும் அறிதுயில் முறையால் நோயாளரைக் குணப்படுத்த முயன்றுவந்தனர். அறிதுயிலுக்குக் காரணம் நோயாளியின் மனத்தில் ஏற்றப்படும் கருத்தே என்பது பேர்ண்ஹைம் கொண்ட முடிபு. 1885ஆம் ஆண்டையொட்டி இவர்களிடம் பாடங்கேட்ட கூவே, நாளடைவில் ஒருபடி மேலே சென்றார். பிறர் ஏற்றும் கருத்தை நோயாளி தன் கருத்தாக ஏற்றுக்கொண்டாலன்றி அது பலிப்பதில்லை. அங்ஙனமாயின் அதனை அவன் தானே தனக்கு ஏற்றிக்கொண்டால் என்ன? துயிலச் செய்வோன் எதற்கு? இவ்வினாவிலிருந்தே 'தற்கருத்தேற்றம்' என்னும் அவருடைய முறை பிறந்தது.

1910இல் நான்சியிற் குடியேறிய கூவே, தம்மை நாடி வந்தோரிடம் கட்டணம் பெறாது இம்முறையைக் கற்பித்தார். முறை மிக எளியது. நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தாம் நலம்பெற்று வருவதாகக் கூறும் சிறு வாக்கியம் ஒன்று. காலையிற் படுக்கையை விட்டு எழுமுன்னும், இரவிற் படுத்த பின்னும், கண்களை மூடி, தம் செவிக்குக் கேட்குமளவில், உதடுகளை அசைத்து, அதனை இருபது முறை சொல்லவேண்டும். எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சுகள் இட்ட கயிறு ஒன்று. கத்தோலிக்கரின் செபமாலையையும் சைவரின் உருத்திராக்க மாலையையும் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செபம் இறைவனை நோக்கியது. கூவேயின் வாக்கியம் சொல்வோன் தன்னையே நோக்கியது.

வாக்கியத்தை எவ்வித முயற்சியுமின்றி ஒரே தொனியிற் சொல்லவேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். பல்லைக் கடித்து, கைகளை முறுக்கி, "செய்தே தீருவேன்" என்று முழங்குவது அவர் முறைக்கு நேர்மாறானது. மனவுறுதியும் கற்பனையும் முரண்படும்போது கற்பனையே வெல்லும் என்பது அவர் கண்ட விதி. தரையிற் கிடக்கும் பலகைமீது எவரும் எளிதாக நடப்பர்; அதே பலகையை இரண்டு கோபுரங்களின் உச்சிக்கிடையே இட்டால் கால் நடுங்கும். பலகை மாறவில்லை, விழுந்துவிடுவோம் என்ற கற்பனையே புதிதாகச் சேர்ந்தது. மறந்துபோன ஒரு பெயரை வருந்தித் தேடுந்தோறும் அது விலகிப்போவதும், "பிறகு நினைவுக்கு வரும்" என்று விட்டுவிட்டால் தானே வருவதும் அவர் எடுத்துக்காட்டிய பிறிதோர் உதாரணம். பரீட்சை மண்டபத்திலிருந்த அனுபவமுடைய எவரும் இதனை மறுக்கமாட்டார்.

1920இல் சார்ல்ஸ் போதுவான் இம்முறையை விளக்கி எழுதிய நூல் வெளிவந்தது. அதனால் கூவேயின் புகழ் நாடு கடந்தது. 1921இல் இலண்டனுக்கும் 1923இன் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் அவர் சென்றபோது மக்கள் திரண்டனர். பத்திரிகைகள் அவரை அதிசய வைத்தியராக வருணித்தன. அவரோ, தாம் எவரையும் குணப்படுத்தியதில்லையென்றும், தம்மைத் தாமே குணப்படுத்திக்கொள்ளும் வழியையே காட்டுவதாகவும் திரும்பத் திரும்பக் கூறினார். 1926இல் அவர் நான்சியிற் காலமானார். அதன் பின்னர் அவரது இயக்கம் தளர்ந்தது. கயிற்றையும் மறந்தனர், அவர் பெயரையும் மறந்தனர். வாக்கியம் சொல்லும் வழக்கம் மட்டும் உருமாறி நின்றது. 1952இல் அமெரிக்கப் போதகர் நோர்மன் வின்சென்ற் பீல் எழுதிய நேர்நிலைச் சிந்தனை பற்றிய நூல் பெருந்தொகையாக விற்பனையாகி, அவ்வழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தது.

இங்ஙனம் கைமாறி வந்தபோது கூவே விதித்த நிபந்தனை ஒன்று வழியிலே தவறிப்போயிற்று. ஒரு காரியம் தன்னால் இயலும் என்று மனத்திற் பதித்தவன் அதனைச் செய்வான் என்று கூறிய அவர், அக்காரியம் இயலக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதையும் உடன் சேர்த்தே கூறினார். வைத்தியரையும் மருந்தையும் கைவிடுமாறும் அவர் சொன்னதில்லை. இந்நிபந்தனை நீங்கியதும் எஞ்சியது யாது? எண்ணினால் எதுவும் நடக்கும் என்ற பேச்சு. இப்பேச்சுக்கு ஒரு கொடிய மறுபக்கம் உண்டு. எண்ணியது நடக்கவில்லையாயின், எண்ணியவனின் நம்பிக்கை போதவில்லை என்றே கொள்ளவேண்டி வரும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் படித்து, வீட்டில் விளக்குக்கும் வசதியின்றி, பரீட்சையிலே தவறிய பிள்ளையிடம் சென்று, "நீ உன்னை நம்பவில்லை" என்று கூறுதல் எவ்வளவு அநீதி! தோல்வியின் துன்பத்தோடு குற்றச் சுமையையும் அப்பிள்ளையின் தலையிலேயே ஏற்றுவதன்றோ அது?

உளநூலார் இக்காலத்தில் இவ்வாக்கியங்களைப் பரிசோதித்திருக்கின்றனர். கனடாவில் ஜோஆன் வூட் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாம் அன்புக்குரியவர் என்ற வாக்கியத்தைச் சிலர் தமக்குள்ளே திரும்பச் சொல்லும்படி செய்யப்பட்டனர். தம்மைப்பற்றி முன்னரே நன்மதிப்புக் கொண்டிருந்தோர் சற்றே மகிழ்ந்தனர். தம்மைத் தாழ்வாக மதித்திருந்தோரின் மனநிலை மேலும் தாழ்ந்தது. வாக்கியம் எவருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது தீங்காயிற்று. 2020இல் வெளிவந்த மறுபரிசோதனை ஒன்றில் அதே முடிவு கிடைக்கவில்லையாதலால் இதனை அறுதியான தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆயினும் உள்ளம் நம்பாததை வாய் சொல்லும்போது, உள்ளிருந்து மறுப்புக்குரல் ஒன்று எழுவதை நாமெல்லாம் அறிவோம்.

வேறு இரு ஆய்வுகள் நல்ல வழியைக் காட்டுகின்றன. ஜெவ்றி கோகென் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்விலே, அமெரிக்கப் பாடசாலை மாணவர் தாம் உயர்வாக மதிக்கும் விழுமியம் ஒன்றைப்பற்றி வகுப்பிலே சிறிதுநேரம் எழுதினர். குடும்பப் பாசம், நட்பு, கலையார்வம் என எதுவாகவும் அது இருக்கலாம். அவ்வாறு எழுதிய கறுப்பின மாணவரின் புள்ளிகள் உயர்ந்தன. பிற்காலத்தில் வேறிடங்களிற் செய்தபோது பலன் ஒரே அளவாக இருக்கவில்லை. ஆனால் அங்கு எழுதப்பட்டவை அம்மாணவருக்கு முன்னரே உண்மையாயிருந்தவை என்பது கவனிக்கத்தக்கது. மற்றையது பீற்றர் கோல்விற்சர் என்னும் உளநூலாரின் ஆய்வு. "நன்றாகப் படிப்பேன்" என்று பொதுவாகச் சொல்வதிலும், "இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் மேசையில் இருந்து கணக்கு ஐந்து செய்வேன்" என்று வேளையையும் வேலையையும் இணைத்துச் சொல்வது செயலுக்கு இட்டுச் செல்கின்றது. இத்தகைய 94 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி 2006இல் வெளியான கட்டுரையும் இம்முறையின் பயனை உறுதிப்படுத்தியது.

ஆகவே சுவரிலுள்ள கடதாசியைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அதிலுள்ள வாசகத்தைத் திருத்தி எழுதினாற் போதும். "நானே முதல்வன்" என்பதை நம் மனமே ஐயுறும். "நேற்று விளங்காத பாடத்தை இன்று நாலு மணிக்கு மீண்டும் எடுப்பேன்" என்பதை மனம் மறுக்காது. நாலு மணிக்கு அதனை மெய்ப்பிக்கவும் நம்மாலாகும். இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட வாக்கியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தே தன்னம்பிக்கை வளர்கின்றது. ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, வலியறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஊக்கமும் தன் வலியறிந்த அறிவும் இணைந்து செல்லவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இச்சங்கத்து இளைஞர் நாளும் நல்ல வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பணி தொடங்குவாராக. அது மெய்யானதாகவும், அன்றே செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். தோற்றுவரும் தம்பி தங்கையரிடம் நம்பிக்கை போதவில்லை என்று குறைகூறாது, எந்தப் பாடத்தில் உதவி வேண்டும் என்று பெரியோர் வினாவுவாராக. கூவேயின் கயிற்றிலிருந்த முடிச்சுகள் இருபது; அவ்வொரு வினா இருபத்தோராவது முடிச்சாக அமையட்டும்.