பேரரசரைத் தவம் செய்ய வைத்த கடிதம்

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் திருச்சபையோடு சேர்ந்து நாமும் புனித அம்புரோசியாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். புனித அகுஸ்தீனாருக்கு 387-இல் ஞானஸ்நானம் கொடுத்த மிலான் நகர ஆயர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். அவர் ஒரு பேரரசருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த ஜூபிலி மலரில் அதைச் சிறிது பார்ப்போம்.

அதற்குமுன் வேதாகமத்தைத் திறப்போம். அரசன் எப்படி இருக்கவேண்டும் என்பதை இணைச்சட்ட நூலின் 17-ஆம் அதிகாரம் வகுத்துச் சொல்கிறது. குதிரைகளையும் பொன் வெள்ளியையும் அவன் குவிக்கலாகாது. திருச்சட்டத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதிவைத்து, வாழ்நாளெல்லாம் வாசிக்கவேண்டும். தன் சகோதரருக்கு மேலாகத் தன்னை எண்ணிக்கொள்ளலாகாது. எகிப்தில் பார்வோன் தெய்வமாகவே வணங்கப்பட்டான். இஸ்ரயேலிலோ அரசன் திருச்சட்டத்தின் மாணாக்கன்!

அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்ட தாவீதின்முன் நாத்தான் வந்து நின்றார். எடுத்த எடுப்பில் அவர் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். கேட்டுக் கொதித்தெழுந்த அரசன் தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்னபின், அந்தப் பணக்காரன் யார் என்பதை முகத்துக்கு நேரே கூறினார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அபகரித்த ஆகாபை எலியா எதிர்கொண்டதும் இவ்வாறே. இவ்விருவருக்கும் படையும் இல்லை, பதவியும் இல்லை.

இனி, 390-ஆம் ஆண்டுக்கு வருவோம். புனித பவுலடியார் இரண்டு திருமுகங்கள் எழுதிய அதே தெசலோனிக்கா நகரில், மக்களின் அபிமானத்துக்குரிய தேரோட்டி ஒருவனைப் படைத்தலைவர் புத்தேரிக் சிறையிலடைத்தார். பந்தய நாளில் அவனை விடுவிக்கும்படி மக்கள் கேட்டார்கள், அவர் மறுத்தார். கலகம் மூண்டது, புத்தேரிக் கொல்லப்பட்டார். செய்தியறிந்த பேரரசர் தெயோதோசியுஸ் சீற்றத்தில் ஆணையிட்டார். பிறகு மனம் மாறி அதைத் தடுக்க முயன்றும் காலம் கடந்துவிட்டது. மக்களை விளையாட்டரங்குக்கு அழைத்து, போர்வீரர் சூழ்ந்துகொண்டு, குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்று பாராமல் வெட்டினார்கள் என்று ரூபினுஸ் எழுதுகிறார். ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து எழுதிய தெயொதொரேத்து, மாண்டவர் 7,000 பேர் என்கிறார். பேரரசர் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான், 380-இல்!

அம்புரோசியார் உடல்நலமின்மையைக் காரணம் காட்டி மிலானை விட்டு வெளியேறினார். பிறகு, பேரரசர் ஒருவரே படிக்கவேண்டும் என்று, எழுத்தரை நாடாமல் தம் கையாலேயே கடிதம் எழுதினார். பேரரசரின் விசுவாசத்தைப் புகழ்ந்தார். ஆனால் அவருடைய கோபம் யாரேனும் தணித்தால் இரக்கமாக மாறும், தூண்டிவிட்டால் அடங்காது என்பதையும் மறைக்கவில்லை. தாவீது செய்ததைச் செய்யத் தங்களுக்கு வெட்கமா என்று கேட்டார். பேரரசர் கோவிலில் இருந்தால் தம்மால் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்றும் தெரிவித்தார்.

கோவில் வாசலில் ஆயர் பேரரசரைத் தடுத்து நிறுத்தும் காட்சியை வான் டைக் ஓவியமாக்கியிருக்கிறார். அது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அழகான காட்சிதான். ஆனால் அது பிற்காலத்தார் எழுதிய கதையைத் தழுவியது. ஆயரின் சொந்தக் கடிதத்தில் வாசலும் இல்லை, கூட்டமும் இல்லை. எங்களுக்கோ அந்த இரகசியக் கடிதமே பெரிதாகப்படுகிறது. பாவியை அவமானப்படுத்தாமல் பாவத்தை உணர்த்திய முறை அது. நாத்தானின் முறையும் அதுவே.

பேரரசர் பணிந்தார். அரச அணிகளைக் களைந்துவிட்டு, கோவிலில் மக்கள் காண அழுது மன்னிப்பு வேண்டினார். மரணதண்டனையை நிறைவேற்றுமுன் 30 நாள் பொறுத்திருக்கவேண்டும் என்ற சட்டம் இந்தத் தவத்தின் கனி என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். சட்டத் தொகுப்பில் அதற்குரிய ஆண்டு 382 என்று இருப்பதால் அறிஞர்களிடையே இதில் வழக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 388-இல் யூப்ரத்தீஸ் நதிக்கரையிலுள்ள கல்லினிக்கும் ஊரில் அவ்வூர் ஆயரின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் யூதர்களின் செபக்கூடத்தை எரித்தனர். அந்த ஆயரே அதைத் திரும்பக் கட்டித்தரவேண்டும் என்று தெயோதோசியுஸ் ஆணையிட்டார். நியாயமான ஆணை! அம்புரோசியாரோ கோவிலிலேயே அதை எதிர்த்துப் பிரசங்கித்து, ஆணை நீக்கப்படும் என்ற வாக்குறுதி கிடைக்கும்வரை பலி ஒப்புக்கொடுக்க மறுத்தார். அன்றும் அவர் நாத்தானைத்தான் துணைக்கு அழைத்தார். நம் புனிதர் அன்று தவறினார் என்றே நாம் சொல்லவேண்டியிருக்கிறது. முதிர்ந்த வயதில் சாமுவேல் மக்கள்முன் நின்று, யாருடைய மாட்டையோ கழுதையையோ எடுத்துக்கொண்டேனா, யாரிடமாவது கையூட்டு வாங்கினேனா என்று தாமே கணக்குக் கேட்கச் சொன்னாரே, அந்த 1 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் அரசருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

395 ஜனவரி 17-இல் தெயோதோசியுஸ் மிலானில் இறந்தார். நாற்பதாம் நாள் அம்புரோசியார் இரங்கல் உரை ஆற்றினார். புதிய அரசர் ஒனோரியுசுக்கு அப்போது வயது 10. அந்தச் சிறுவன் கேட்டுக்கொண்டிருக்க, ஆயர் தந்தையின் வெற்றிகளோடு, கோவிலில் அவர் சிந்திய கண்ணீரையும் சேர்த்துச் சொன்னார்.