பழைய மோட்டார் சைக்கிளும் அதன் புகைக்குழாயும்



தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு திறமை உண்டு. செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டதும், வருவது கிராணியா, கடன் வசூலிக்க வரும் துணிக்காரரா, பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளையா என்று திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார்கள். அந்த ஓசையை உண்டாக்கித் தருவது புகைக்குழாய். சைலன்சர் என்றும் எக்சோஸ் என்றும் நாம் வழங்குவது அதைத்தான். வண்டியில் எவரும் மதிக்காத பாகமும் அதுதான். வேண்டாத புகையைப் பின்னால் தள்ளும் வெறுங்குழாய், எந்தக் குழாயை மாட்டினால் என்ன என்று நாங்களும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், அந்தக் குழாயின் பின்னாலிருக்கும் வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் வீட்டில் பி.எஸ்.ஏ. பேன்டம் என்ற வண்டி ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றுப் போன ஒரு கிராணியிடமிருந்து அப்பா தவணையில் வாங்கியது. பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரிலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம். பேன்டம் என்பது சிறுசாதிக் கோழி. எண்ணெய்த் தொட்டியில் சேவல் படம் இருந்ததால் லயத்துப் பிள்ளைகள் அதைச் சேவல் வண்டி என்றே அழைத்தார்கள். 125 சி.சி. கொள்ளளவு, நாலரைக் குதிரை ஆற்றல். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். 1948-ல் வெளிவந்த இந்த வண்டியில் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் தந்திப் பையன்கள் ஊரெல்லாம் சுற்றினார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1971-ல் உற்பத்தி நின்றது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெரிய நிறுவனமே நொடித்துப் போயிற்று.

1978-ம் ஆண்டில் எங்கள் வண்டியின் புகைக்குழாய் இற்றுப்போனது. அப்போது பட்டணத்துக் கடைகள் எல்லாவற்றிலும் ஹோண்டா, யமஹா, சுசுக்கி சாமான்கள்தாம் தொங்கின. பேன்டம் குழாய் கேட்டால் கடைக்காரர் சிரித்தார். இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம் என்றார் ஒருவர். அவர் சொன்ன விலை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்றால், எங்கள் லயத்தில் இருந்தது அந்த ஒரே வண்டி. பட்டணத்து ஆஸ்பத்திரி எட்டு மைல். இரவு நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஆகவே நாங்கள் சிக்கனமான ஒரு வழி கண்டுபிடித்தோம். இடித்துப்போட்ட பழைய லயம் ஒன்றின் தண்ணீர்க் குழாயை வெட்டி எடுத்து, பார்வையாக இருக்கட்டுமென்று கறுப்புச் சாயமும் பூசி, பெருஞ்சாலை முனையில் சிறு பட்டறை வைத்திருந்த மாமாவிடம் கொண்டுபோனோம். ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காசு வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தார். அன்றிரவே அவருக்குக் குளிர்க் காய்ச்சல் கண்டுவிட்டது. தண்ணீர்க் குழாய்க்குத் துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசியிருப்பார்கள். இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு முன்னதாகவே துத்தநாகம் கொதித்து வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் வரும். வாயில் உலோகச் சுவை தட்டும். மாமா அனுபவசாலி, பூச்சைப் பார்த்திருந்தால் தொட்டிருக்கமாட்டார். எங்கள் கறுப்புச் சாயம் அதை மறைத்துவிட்டது. இரண்டு நாளில் அவர் எழுந்துவிட்டார் என்றாலும், அவர் வீட்டு அத்தையின் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெகு நாள் துணிவு வரவில்லை.

குழாய் பொருந்தியது; வண்டி கிளம்பியது. ஓசைதான் காட்டையே எழுப்பியது. ஆனால் ஏற்றத்தில் பழைய இழுவை இல்லை. அதைப் பெரிதுபடுத்தாமல் ஓட்டினோம். மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நள்ளிரவில் வலிப்புக் கண்டது. தாயையும் பிள்ளையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பா புறப்பட்டார். நாலாவது மைலில் பிஸ்டன் சூடேறி இறுகி, சக்கரம் வழுக்கி, வண்டி நின்றது. இருட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, இயந்திரம் ஆறும்வரை அந்தத் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறியபிறகு உதைத்ததும் வண்டி மறுபடி கிளம்பிற்று. மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை பிழைத்தது. மறுநாள் காலை பெரட்டுக்குப் போகுமுன் அப்பா எங்களைக் கூப்பிட்டு, “அந்தக் குழாயைக் கழற்றிப் போடுங்கள்” என்று மட்டும் சொன்னார்.

ஒரு வெறுங்குழாய் எப்படி இயந்திரத்தையே நிறுத்தும்? இதைப் புரிந்துகொள்ள டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்குள் சற்று எட்டிப் பார்க்கவேண்டும். ஹோண்டா கப்சாய் போன்ற வண்டிகளில் வாயுவை உள்ளே விடவும் வெளியே விடவும் திறந்து மூடும் வால்வுகள் உண்டு. பேன்டத்தில் அவை இல்லை. சிலிண்டரின் பக்கச் சுவரில் துளைகள் இருக்கும். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகைத்துளை திறக்கும், பிறகு புதுக் கலவை வரும் துளை திறக்கும். ஏறும்போது புதுக் கலவையின் துளை முதலில் மூடிக்கொள்ள, புகைத்துளை கடைசியாக மூடும். ஆகவே கொஞ்ச நேரம் இரண்டு கதவும் திறந்திருக்கும் வீடு போன்றது அது. முன்வாசலில் வரும் விருந்தாளி பின்வாசல் வழியாகப் போய்விடாதபடி தடுப்பதில் புகைக்குழாய்க்குப் பங்கு உண்டு. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளையும் குழாயின் நீளத்தையும் கணக்கில் வைத்தே கார்புரேட்டரைச் சரிசெய்திருப்பார்கள். தடுப்பே இல்லாத எங்கள் குழாயில் புதுக் கலவை வீணாகப் போயிற்று. மிஞ்சிய கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தது. அப்படி மெலிந்த கலவை அதிகச் சூட்டோடு எரியும். பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது என்பதால் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் இறுகாமல் என்ன செய்யும்?

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கள் பேன்டம் இங்கிலாந்தில் பிறந்ததென்றாலும் அதன் மூலம் அங்கே இல்லை. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஷோபாவ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ராஸ்முசன் என்ற டென்மார்க் நாட்டவர் தொடங்கிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை, 1939-ல் ஆர்.டி. 125 என்ற சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டியை வெளியிட்டது. ஹெர்மன் வெபர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபோது, வென்ற நாடுகள் போர் இழப்பீடாக அந்நாட்டுத் தொழில் நுட்பங்களை எடுத்துக்கொண்டன. ஆர்.டி. 125-இன் வரைபடங்களும் அவற்றில் சேர்ந்தன. சோவியத் யூனியன் தொழிற்சாலை இயந்திரங்களையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. மாஸ்கோவில் அதே வண்டி எழுந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனமும் அதைச் செய்தது. பர்மிங்ஹாமில் அதே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி, கியர் மிதியை வலப்புறத்தில் வைத்தார்கள், அதுதான் பேன்டம். 1955-ல் ஜப்பானில் யமஹா நிறுவனம் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இந்த ஆர்.டி. 125-ஐப் பின்பற்றியதே. எங்கள் சேவல் வண்டியைப் பார்த்துக் கேலி செய்த பக்கத்து லயத்து யமஹாக்காரர், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அறிந்திருக்கமாட்டார்.

தாய்வீடான ஷோபாவ் கிழக்கு ஜெர்மனியின் பங்கில் போய்விட்டது. அங்கே மிஞ்சிய தொழிற்சாலைக்குப் பின்னாளில் எம்.இசட். என்று பெயர் வந்தது. 1953 முதல் அதன் பந்தயப் பிரிவைக் கவனித்தவர் வால்ட்டர் காடன். பணம் குறைவு, நல்ல உலோகம் கிடைப்பதும் அரிது. பணக்கார நிறுவனங்கள் புதுப்புது இயந்திரங்களைச் செய்து குவித்தபோது, காடன் புகைக்குழாயைக் கையில் எடுத்தார். எரிந்த வாயு குழாய்க்குள் ஓர் அலையாக ஓடுகிறது. குழாய் விரிந்துகொண்டே போகும் இடத்தில் அந்த அலையிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து, சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் ஓர் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடப்பார்த்த புதுக் கலவையை உள்ளே தள்ளுகிறது. பின்கதவைக் காற்றே சாத்துவது போன்ற ஏற்பாடு இது. நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்த குழாயின் பயனை அவருக்கு முன்பே எரிக் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் பந்தய வண்டியில் கண்டிருந்தார். ஆனால் கருவிகளை வைத்து அளந்து, அளந்து, அதை ஒரு கணக்காக்கியவர் காடன்தான். 1961-ல் அவருடைய 125 சி.சி. வண்டி ஏறக்குறைய 25 குதிரை ஆற்றல் தந்தது. கலவையை உள்ளே விடும் முறையிலும் அவர் மாற்றம் செய்திருந்தார், குழாய் மட்டுமே காரணமன்று. இருந்தாலும் அதே கொள்ளளவில் எங்கள் பேன்டம் தந்தது நாலரைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த அறிவு ஜப்பானுக்குப் போன கதை சினிமாக் கதைபோல இருக்கும். காடனின் முதன்மை ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லின் நகரில் சுவர் எழுந்தது. அடுத்த மாதம் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது டெக்னரின் மனைவியும் இரு குழந்தைகளும் ஒரு காரின் பின்பெட்டியில் மறைந்து எல்லை கடந்தார்கள். டெக்னரும் தம் குழுவை விட்டுத் தப்பி, ஜப்பானில் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். காடனின் இரகசியங்களும் அவரோடு போயின. 1962-ல் டெக்னர் ஓட்டிய சுசுக்கி 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றது. அந்நிறுவனத்தின் முதல் உலகப் பட்டம் அது. காடனுக்குக் கிடைத்தது விசாரணையும் மனவருத்தமும்தான். எங்களைக் கேட்டால், அந்த ஓட்டுநர் மேல் கோபப்படவும் முடியவில்லை, காடனுக்காக வருந்தாமலிருக்கவும் முடியவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் நம் தோட்டங்களில் ஓடிய டூ-ஸ்ட்ரோக் யமஹா, சுசுக்கி வண்டிகளின் குழாய்களில் ஏழை ஷோபாவின் பாடம் இருந்தது.

எங்கள் வீட்டுக் குழாய்க்குத் திரும்புவோம். மாமாதான் மறுபடி கைகொடுத்தார். இற்றுப்போன அசல் குழாயை நாங்கள் வீசாமல் கோழிக்கூட்டின் மேல் போட்டிருந்தது நல்லதாயிற்று. அவர் அதன் நடுக்கோட்டில் ஒரு நூலைப் பிடித்து நீளத்தைக் குறித்தார். உள்விட்டத்தை மூன்று இடங்களில் அளந்தார். “பளபளப்பில் மிச்சம் பிடியுங்கள், அளவில் மிச்சம் பிடிக்காதீர்கள்” என்பது அவர் சொன்னது. அதே உள்விட்டமுள்ள பூச்சில்லாத இரும்புக் குழாய் பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். அதனால் மணலை நிரப்பி, இரு முனையிலும் மரக்கட்டையால் அடைத்து, நெருப்பில் பழுக்கவைத்து வளைத்தோம். மணலில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. இருந்தால் நீராவியாகிக் கட்டையைத் துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கவிடும். அம்மாவின் இரும்புச் சட்டியில் மணலை இரண்டு முறை வறுத்தோம். அந்தச் சட்டிக்காக வாங்கிய திட்டை இங்கே சொல்லவேண்டியதில்லை.

சைலன்சரின் உடம்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே கரி அப்பிக்கிடந்தது. எண்ணெய் கலந்த பெட்ரோல் எரியும் வண்டிகளில் இது தவிர்க்க முடியாதது. பாதி வண்டிகளின் இழுவைக் குறைவுக்கு இந்தக் கரியே காரணம்; புதுக் குழாய் வாங்குமுன் இதைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. தடுப்புத் தகடுகளை விறகு நெருப்பில் இட்டுக் கரியை எரித்துத் தட்டினோம். இற்றுப்போன அடிப்பாகத்துக்கு மட்டும் புதுத் தகடு வைத்து மாமா பற்றவைத்தார். சிலிண்டரோடு குழாயைப் பிடிக்கும் வளையத் திருகு இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் அடித்தால் மறை போய்விடும், பிறகு சிலிண்டரையே மாற்றவேண்டும் என்று சொல்லி, எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறவைத்து, இலேசாகச் சூடுகாட்டி, வளைந்த ஸ்பானரால் கழற்றினார். புதுக் குழாயைப் பொருத்தியபின் மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் காற்றுக் கசிகிறதா என்றும் பார்த்தார். குரோம் பூச்சுக்குப் பணமில்லை. அடுப்புக்குப் பூசும் கறுப்புச் சாயத்தோடு நிறுத்திக்கொண்டோம். மொத்தச் செலவு பழைய குழாய் ஒன்று, தகடு ஒரு துண்டு, சாயம் ஒரு டப்பா.

பட்டறை வாசலில் அப்பா வண்டியை உதைத்தார். பழைய ஓசை அப்படியே வந்தது. அப்பா மாமாவை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் பின்னாலுள்ள ஏற்றம்வரை போய்த் திரும்பினார். இறங்கியதும் மாமா பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது இப்போது காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. அதை எங்களிடம் நீட்டிவிட்டு, குழாயின் கறுப்புச் சாயத்தை நகத்தால் சுரண்டி, “இதற்கடியில் வேறு எதுவும் பூசவில்லையே?” என்று கேட்டார். அத்தை உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம்.