பாறை காத்த வழியும் வெள்ளம் வகுத்த வழியும்

திருவனந்தபுரத்து ஆரியசாலையிலிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் கிள்ளிப்பாலம் வரும். அதன்கீழ் ஓடுவது கிள்ளியாறு. அதற்கும் அப்பால் கரமனையாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை அமைத்த காலந்தொட்டு, நாஞ்சில் நாட்டு வழியே வணிகத்துக்கு வந்த தமிழர் இவ்விரு ஆறுகளையும் கடந்தே நகருக்குள் புகுந்தனர். 1853இல் கரமனையில் பாலம் எழுந்தது. ஆற்றைக் கடந்தவர் பலர். அஃது ஏன் இவ்வாறு ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

கரமனையாறு அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலை அடைகிறது. மலையில் அதன் படுகை கடும்பாறை. பாறைக் கரையை அரித்து ஆறு எளிதில் அகல இயலாது. ஆதலின் பாறையின் வெடிப்புகளைப் பின்பற்றி, இடுகிய வழியில் படிப்படியாக இறங்குகிறது. தெளிந்த நீர் பாறையை மிகுதியாகத் தேய்ப்பதில்லை. நீரோடு உருளும் மணலும் கூழாங்கல்லுமே அதன் உளி. சுழலில் அகப்பட்ட கற்கள் உரல் போன்ற குழிகளைக் குடைகின்றன. ஆயினும் மணல் மிகுந்து படுகையை மூடிவிட்டால், அதுவே பாறைக்குக் கவசமாகிவிடும். 1877இலேயே அமெரிக்கப் புவியியலார் கில்பர்ட் இதனை எடுத்துரைத்தார். பெருங்கற்களைப் பெயர்த்து உருட்டும் வலிமையோ பெருவெள்ளத்துக்கே உண்டு.

சமவெளியில் நிலைமை வேறு. அங்கே கரை மண்ணாலானது. வளைவின் வெளிப்புறக் கரை கரைகிறது. உட்புறத்தில் மணல் படிகிறது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கரை நிரம்ப ஓடும் வெள்ளமே இத்தகைய ஆறுகள் பலவற்றின் அகலத்தையும் ஆழத்தையும் வகுக்கிறது என்பர் அறிஞர். அதனினும் மிகுந்த நீர் இருமருங்கும் பரவும். அவ்வாறு பரவும் நிலமும் ஆற்றின் பகுதியே.

நம் காவிரியையே காண்போம். ஒகேனக்கல்லில் அது பாறைகளினூடே பிளவுண்டு வீழ்கிறது. முக்கொம்பில் மணற்படுகையில் இரண்டாகப் பிரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மேடிட்டது. கொள்ளிடமோ ஆழ்ந்து, நீரின் பெரும்பகுதியைத் தன்பால் இழுத்தது. தஞ்சை வயல்களைக் காக்க ஆர்தர் காட்டன் 1836இல் அங்கே மேலணையைக் கட்டி முடித்தார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அவ்வணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

கேரளத்தில் பெரியாற்றின் கதை இன்னும் பெரிது. சங்கப் புலவர் பாடிய முசிறித் துறைமுகம் அதன் முகத்துவாரத்தை அடுத்து விளங்கியது. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்ததென்றும், கொச்சியில் கடல்வாய் திறந்ததென்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099இல், பெய்த பெருமழை மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அழித்தது. அவ்விரயில் மீண்டும் ஓடவேயில்லை.

கிள்ளியாறு இவற்றின் முன் சிற்றாறுதான். ஆனால் அதற்கும் பரவ இடம் வேண்டும். நகரம் வளர வளர, கரையோரத் தாழ்நிலங்கள் வீடுகளாயின. ஆறுகளின் மணலும் வரம்பின்றி அள்ளப்பட்டது. படுகை தாழ, அடித்தாங்கலின்றிக் கரைகள் சரிந்தன. 2001இல் கேரள அரசு இதற்கெனச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2023 அக்டோபரில் ஓரிரவு மழையில் திருவனந்தபுரத்தின் தாழ்ந்த பகுதிகள் நீரில் ஆழ்ந்தபோது, அரிசி மூட்டைகளையும் பள்ளிப் புத்தகங்களையும் எங்கே ஏற்றி வைப்பது என்பதே அங்குள்ளோரின் கவலையாயிற்று.

பிழைப்புக்காகப் பிறமாநிலம் சென்ற நாம், புதிய ஊரில் மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் கருத்தாகப் பார்க்கிறோம். அருகில் ஆறு உண்டா, அதன் பழைய வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று அவ்வூர் முதியவர் ஒருவரையும் கேட்டறிவோமாக.