சோவியத் தூரமானிக் கமராக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டைய மட்கலம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்படும்போது அதனை வரலாற்று மூலமாகக் கொள்வதில் எவருக்கும் தயக்கம் இல்லை. ஆனால், அண்மைக் காலத்துத் தொழிற்சாலைப் பொருள்களை நாம் அவ்வாறு நோக்குவது அரிது. அவற்றின் விலையையும் அருமையையும் சேகரிப்போர் ஆராய்வர்; வரலாற்று மாணவரோ ஆவணங்களோடு நின்றுவிடுவர். இவ்விரு சாராராலும் போதிய அளவு கவனிக்கப்படாத ஒரு பொருள் சோவியத் தூரமானிக் கமரா. ஃபெட், சோர்க்கி, கீவ் என்னும் பெயர்களில் இலட்சக்கணக்கில் உற்பத்தியான இக்கருவிகள், "ஜேர்மன் கமராக்களின் பிரதிகள்" என்ற ஒரு தொடரால் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அத்தொடர் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தூரமானிக் கமராவில் படமெடுப்பவர் வில்லையினூடாகப் பார்ப்பதில்லை. கமராவின் முகப்பில் ஒன்றிலிருந்து ஒன்று விலகியுள்ள இரு சிறு சாளரங்களின் வழியே வரும் இரு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்ப, அவ்விரு பிம்பங்களும் ஒன்றிணையும். இணைந்த நிலையிலே குவியம் சரியாக அமைந்துவிடுகிறது. ஒஸ்கார் பார்னாக் என்பவர் வடிவமைத்து, லைற்ஸ் நிறுவனம் 1925இல் சந்தைக்குக் கொண்டுவந்த லைக்கா கமரா, 35 மில்லிமீற்றர் படச்சுருளைப் பயன்படுத்தியதால் கைக்கு அடக்கமாயிருந்தது. 1932இல் வெளிவந்த இரண்டாம் லைக்காவில் தூரமானியும் வில்லையோடு இணைக்கப்பட்டது.

சோவியத் கலைஞர்கள் லைக்காவை அறியாதவர்கள் அல்லர். அலெக்சாந்தர் ரொட்சென்கோ 1928 முதலே அதனைக் கையாண்டார். ஆயின், அக்காலம் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் காலமாகும். இயந்திரங்களை இறக்குமதி செய்யவே அந்நியச் செலாவணி போதாதிருந்த நாட்டில் கமராக்களை விலைகொடுத்து வாங்குதல் எளிதன்று. உள்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்ற முடிவு இச்சூழலிற் பிறந்தது. அம்முடிவை நிறைவேற்றியவர்கள் யார் என்பதே வியப்பிற்குரியது.

உள்நாட்டுப் போரும் 1921ஆம் ஆண்டுப் பஞ்சமும் சோவியத் நாட்டில் இலட்சக்கணக்கான சிறுவரை அநாதைகளாக்கித் தெருவில் விட்டன. இவர்களுக்கென அமைக்கப்பட்ட நிலையங்களுள் ஒன்று கார்க்கொவ் நகருக்கருகில் 1927இல் தொடங்கப்பட்ட தொழிற் கம்யூன். அதற்கு முந்திய ஆண்டில் மறைந்த பீலிக்ஸ் எட்முண்டோவிச் ஷெர்ஜின்ஸ்கியின் பெயர் அதற்கு இடப்பட்டது. கல்வியியல் மாணவர் நன்கறிந்த அன்ரன் மக்கரென்கோ 1935 வரை அங்கு பணியாற்றினார். உற்பத்தி உழைப்பும் பாடசாலைக் கல்வியும் ஒரே நாளில் இணைந்து நிகழவேண்டும் என்பது அவரது கோட்பாடு. தொடக்கத்தில் மரவேலை, உலோகவேலை ஆகியவற்றில் ஈடுபட்ட கம்யூன், 1932இல் மின்துளைகருவிகளைச் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் லைக்காவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து முதல் மாதிரிக் கமராக்களையும் செய்து முடித்தனர். 1934இல் தொடர் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஷெர்ஜின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துக்களே 'ஃபெட்' என்னும் கமராவின் பெயராயின. 1941க்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கமராக்கள் அங்கிருந்து வெளிவந்தன.

இவ்வரலாற்றைச் சாதனைக் கதையாக மட்டும் எழுதிவிடுதல் கூடாது. ஷெர்ஜின்ஸ்கி இரகசியப் பொலிசின் முதல் தலைவர். கம்யூனும் அவ்வமைப்பின் பொறுப்பிலேயே இருந்தது. 1930களின் நடுப்பகுதிக் கமராக்கள் பலவற்றின் மேற்றகட்டில் உள்நாட்டு விவகார ஆணையகத்தின் பெயர்ச் சுருக்கம் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். மேலும், முதல் மாதிரிகள் உருவான 1932, 1933ஆம் ஆண்டுகளிலேதான் உக்ரெயின் கிராமங்களில் பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. கார்க்கொவ் அப்போது சோவியத் உக்ரெயினின் தலைநகர். கைவிடப்பட்ட சிறுவரைத் திறன்மிக்க தொழிலாளராக்கிய அரசும், பட்டினியிற் கிராமங்களை வீழ்த்திய அரசும் ஒன்றே. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பவர் எப்பக்கத்தவராயினும் வரலாற்றுக்கு நீதி செய்தவராகார்.

1941 ஒக்ரோபரில் ஜேர்மன் படைகள் கார்க்கொவைக் கைப்பற்றின. தொழிற்சாலை சைபீரியாவின் பெர்ட்ஸ்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. போரின் முடிவில், 1945 மே 2ஆம் திகதி, பெர்லின் பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் செங்கொடி பறக்கும் காட்சியை யெவ்கெனி கால்தேய் படம்பிடித்தார். சோவியத் வெற்றியின் சின்னமாக உலகெங்கும் அறியப்பட்ட அப்படம் ஒரு லைக்காவினால் எடுக்கப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உள்நாட்டுக் கமரா ஏழாண்டுகள் உற்பத்தியாகிய பின்னரும் தேர்ந்த கலைஞர் அந்நியக் கருவியையே நாடினர் என்பதற்கு இது சான்றாகும்.

போருக்குப்பின் இருவகை வளர்ச்சிகளைக் காண்கிறோம். மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை, ஃபெட்டின் அமைப்பைப் பின்பற்றி 1948இல் சோர்க்கி கமராவை வெளியிட்டது. 'கூரிய பார்வையுடையது' என்பது அப்பெயரின் பொருள். கீவ் கமராவின் கதை வேறுபட்டது. திரெஸ்டன் நகரின் சைஸ் இக்கோன் தொழிற்சாலை செய்த கொன்ராக்ஸ் கமராவின் உற்பத்தி, போர் இழப்பீட்டின் பேரில் மறுபடி யேனாவில் ஒழுங்குசெய்யப்பட்டு, பின்னர் கீவ் நகரின் அர்செனல் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. 1947இல் வெளிவந்த முதற் கீவ் கமராக்களில் ஜேர்மன் உறுப்புகளே இருந்தன. இதனைப் பிரதி என்பதிலும் இடம்பெயர்ந்த தொழில் என்பதே பொருந்தும்.

எனவே, ஃபெட், சோர்க்கி, கீவ் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் குறித்தல் தவறாகும். லைக்காவைப் பின்பற்றியோர் சோவியத் மக்கள் மட்டுமல்லர்; யப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதன் வழிவந்த கமராக்கள் செய்யப்பட்டன. அன்றியும், பின்பற்றியோர் அந்நிலையிலேயே நின்றுவிடவுமில்லை. 1955இல் வந்த இரண்டாம் ஃபெட்டில் பின்பலகை முழுவதும் கழலும். ஆதலால், லைக்காவில் அடித்தட்டின் வழியே படச்சுருளை நுழைக்கும் தொல்லை நீங்கியது. பார்வைச் சாளரமும் தூரமானியும் ஒன்றாயின. தூரமானியின் இரு சாளரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 67 மில்லிமீற்றராக நீண்டதால் குவியத்தின் துல்லியம் மிகுந்தது. 1956 முதல் 1973 வரை சுமார் 17 இலட்சம் நான்காம் சோர்க்கிகள் உற்பத்தியாயின. வசதி படைத்தோர் கருவியாயிருந்த கமரா ஆசிரியர், தொழிலாளர் கைகளை அடைந்தமை இவ்வெண்ணிக்கையின் பொருளாகும்.

இக்கமராக்களை இன்று சேகரித்துப் பயன்படுத்துவோர் தம்மை அறியாமலே வரலாற்றுப் பயிற்சியில் ஈடுபடுகின்றனர். கீவ் கமராவின் தொடர் இலக்கத்து முதலிரு எண்கள் பொதுவாக உற்பத்தி ஆண்டைக் காட்டும். நான்காம் சோர்க்கியில் ஷட்டரை முறுக்கிய பின்னரே வேகத்தை மாற்றவேண்டும். முன்னர் மாற்றினால் பொறி பழுதடையும். வில்லை மூடப்படாமல் வெயிலில் வைக்கப்படின், சூரிய ஒளி குவிந்து ஷட்டரின் இறப்பர் பூசிய துணித்திரையில் துளையிட்டுவிடும். ஆரம்பகால ஃபெட்டில் ஒரு கமராவின் வில்லை இன்னொன்றிற் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொன்றும் தனித்தனியே இசைவிக்கப்பட்டது. நியமப்படுத்தல் முழுமை பெறாத ஒரு தொழிற்றுறையின் நிலையை எவ்வறிக்கையிலும் தெளிவாக இக்குறைபாடு உணர்த்துகின்றது.

இவ்விடத்திற் போலிகளைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உருவாகிய சந்தையில், ஃபெட், சோர்க்கி கமராக்களின் பெயர்களை அழித்து லைக்கா என்று பொறித்து விற்கும் வழக்கம் பரவியது. ஜேர்மன் விமானப் படை, கடற்படை ஆகியவற்றின் சின்னங்களும் சுவஸ்திகமும் பொறிக்கப்பட்டவை அதிக விலைபோயின. வில்லையைக் கழற்றிப் பார்ப்பின் உண்மை வெளிப்படும். தூரமானியோடு வில்லையைத் தொடர்புபடுத்தும் நெம்பின் நுனி லைக்காவில் உருளையாகவும் சோவியத் கமராவில் தட்டையாகவும் இருக்கும். ஆயின், இது வெறும் வணிக மோசடி மட்டுமன்று. போரினால் அநாதைகளாகிய சிறுவரின் பட்டறையிலே தொடங்கிய ஒரு கைவினையின் மீது, அவர்களது நகரை ஆக்கிரமித்த படையின் சின்னம் பொறிக்கப்படுகிறது. செய்தவர் பெயர் அழிந்து, அழித்தவர் பெயர் விலைபெறுகிறது.

இதனாலேயே "பிரதி" என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாளவேண்டியுள்ளது. வடிவம் யாருடையது என்ற வினாவுக்கு அச்சொல் விடைதரும். உழைப்பு யாருடையது என்ற வினாவை அது எழுப்புவதேயில்லை. பார்னாக்கின் பெயரை உலகு அறியும், அது தகும். கார்க்கொவில் திருகாணிகளைக் கடைந்த சிறுவர் சிறுமியரின் பெயர்களோ கமராவின் எப்பகுதியிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற சான்று அக்கமராவே. அதனை முறையாகப் படித்தலும், போலிகளிலிருந்து பிரித்தறிதலும், பாதுகாத்தலும் பொழுதுபோக்காளர் பணி மட்டுமன்று. வரலாற்று மாணவர் கடனுமாகும்.