கண்ணன்: கண்ணா, கறுப்பா?

மகனுக்குக் கண்ணன் என்று பெயர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயம் கேட்டார். பள்ளியில் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பொருள் கேட்டார்களாம். 'அழகிய கண்களை உடையவன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "சரிதானே?" என்றார். பெயர்ப் புத்தகங்களிலும் அப்படித்தான் காணப்படுகிறது. சரியில்லை என்பதே என் எண்ணம்.

கண் + அன் என்று பிரிப்பதில் இலக்கணக் குற்றம் எதுவும் இல்லை. தாமரைக்கண்ணன், செங்கண்ணன் போன்ற பெயர்களில் இருப்பது கண்ணேதான். ஆனால் அங்கெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓர் அடைமொழி நிற்பதைக் கவனியுங்கள். வெறுமனே 'கண்ணை உடையவன்' என்றால் அது யாரைச் சிறப்பிக்கும்? கண் எல்லோருக்கும் உண்டு. 'அழகிய' என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

வடமொழியில் 'கிருஷ்ண' என்பதற்குக் கருமை என்று பொருள். தேய்பிறையைக் கிருஷ்ண பட்சம் என்பது இதனால்தான். பிராகிருத மொழிகளில் 'ஷ்ண' என்னும் ஒலிக்கூட்டு 'ண்ஹ' என்று திரியும். வேட்கையைக் குறிக்கும் 'திருஷ்ணா' பாலியில் 'தண்ஹா' ஆகிறது. 'உஷ்ண' என்பது 'உண்ஹ' ஆகிறது. இதே வழியில் 'கிருஷ்ண' என்பது 'கண்ஹ' ஆயிற்று. தமிழில் ஹகரம் இல்லை; எனவே ணகரம் இரட்டித்து, அன் விகுதியும் சேர்ந்து 'கண்ணன்' பிறந்தது. இந்தியில் கன்ஹையா, வங்கத்தில் கானாய், 1729-இல் மறைந்த மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரேயின் பெயர் எல்லாம் இதே குடும்பம். அங்கெல்லாம் கண்ணைப் பற்றிய பேச்சே இல்லை.

கல்லிலும் சான்று உண்டு. நாசிக் குகை ஒன்றிலுள்ள பிராகிருதக் கல்வெட்டு, சாதவாகன குலத்து மன்னனைக் 'கண்ஹ' என்று குறிக்கிறது, கி.மு. முதல் நூற்றாண்டு எனக் கருதப்படுவது. அதே மன்னனைப் புராணங்கள் 'கிருஷ்ண' என்கின்றன.

ஆக, ஒரே பெயர் தமிழுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. பிராகிருதத்தின் வழியே வந்தது கண்ணன். பின்னால் வடமொழியிலிருந்து நேரே வந்தது கிருஷ்ணன். அது கிருட்டிணனாகி, செல்லமாகக் கிட்டுவும் ஆயிற்று. முதலில் வந்தவன் நம் ஒலிகளோடு முழுக்கக் கலந்துவிட்டதால்தான் அவன் பெயருக்குள் தமிழ்க் 'கண்'ணைத் தேடுகிறோம்.

சங்கப் புலவர் பெயர்களில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரை எடுத்துக்கொள்ளுங்கள். இது உருத்திரனின் கண், அதாவது உருத்திராட்சம் என்னும் பெயரின் தமிழாக்கமாக இருக்கலாம். உருத்திரன் மகன் கண்ணன் என்றும் கொள்ளலாம். சாத்தன் மகன் கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவது போல. எனக்கு இரண்டாவதே இயல்பாகப் படுகிறது. பிறர் மறுக்க இடம் உண்டு.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியானால் கறுப்பன் என்றா எழுதச் சொல்கிறீர்கள்?" என்றார். குரலில் இருந்த தயக்கம் புரிந்தது. வெளிநாட்டு வகுப்பறையில் நம் பிள்ளையின் நிறத்தை நாமே எழுதிக் கொடுப்பதா என்ற தயக்கம். அழகிய கண்கள் நம் பெயர்ப் புத்தகங்களில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கும் இதுவே காரணமோ என்று எனக்கொரு சந்தேகம்.

நம் முன்னோருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. தொல்காப்பியம் முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்கிறது. அதற்கும் கரியவன் என்றே பொருள். காரி என்பதும் கருமையைக் குறிக்கும் பெயர்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் மலையமான் திருமுடிக்காரி. நம்மாழ்வாரின் தந்தை பெயரும் காரி. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் என்றொரு சங்கப் புலவர் இருக்கிறார். காரியின் மகன் கண்ணன் என்று கொண்டால், அப்பாவும் கறுப்பு, பிள்ளையும் கறுப்பு.

நண்பர் சிரித்துவிட்டார். திருத்தி எழுதிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.