மெட்டு யாருடையது?

1969 மார்ச் 29 இரவு. மாட்ரிட் நகரின் அரச அரங்கில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் வாக்குகளை எண்ணி முடித்தபோது, 16 பாடல்களில் நான்கு தலா 18 வாக்குகளோடு முதலிடத்தில் நின்றன. ஸ்பெயினின் சலோமே, பிரிட்டனின் லுலு, நெதர்லாந்தின் லென்னி கூர், பிரான்சின் ஃப்ரிடா பொக்காரா. நால்வரும் பெண்கள். சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதி ஏதும் இல்லாததால் நால்வரையுமே வென்றவர்களாக அறிவித்தார்கள்.

போட்டியின் வரலாற்றில் இந்த இரவு ஒரு குளறுபடியாகவே இடம்பெற்றிருக்கிறது. மறு ஆண்டு பல நாடுகள் விலகிக்கொள்ள, 12 நாடுகளே பங்கேற்றன. ஒருவரே வெல்லும்படி விதியும் வந்தது. குளறுபடியைப் பேசிய பேச்சில் வேறொரு செய்தி அடிபட்டுப்போனது.

அது நடந்த இடத்தை முதலில் நினைத்துக்கொள்வோம். ஃபிராங்கோவின் ஸ்பெயின் அது. மணமான பெண் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் கணவனின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1975 வரை அங்கே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கத்தலான் மொழியில்தான் பாடுவேன் என்ற செர்ராத்தை விலக்கிவிட்டு மாசியெல் என்ற பெண்ணை ஸ்பானிய மொழியில் பாட அனுப்பினார்கள். அவர் வென்றார். அதனால்தான் போட்டி மாட்ரிட்டுக்கு வந்தது. பெண்ணின் குரல் அந்த அரசுக்குத் தேவைப்பட்டது. அவளுடைய கையெழுத்து மட்டும் செல்லாது.

அந்த மேடையில் கிதாரோடு நின்ற லென்னி கூருக்கு வயது 19. ஐந்தோவனில் பிறந்தவர். நாட்டுப்புறச் சாயல் கொண்ட அவருடைய பாட்டின் பெயர் 'தெ த்ரூபாதூர்'. நம் பாணனைப் போல ஊர் ஊராகப் பாடித் திரியும் ஓர் இடைக்காலப் பாடகனின் கதை. வரிகளை டேவிட் ஹார்ட்செமா எழுதினார். மெட்டு லென்னியுடையது.

போட்டி தொடங்கிய 1956 முதல் பெண்கள் பலமுறை வென்றிருக்கிறார்கள். ஆனால் தான் அமைத்த மெட்டைத் தானே பாடி வென்ற பெண் அவருக்கு முன் இல்லை. 1965இல் வென்ற ஃபிரான்ஸ் கால் 17 வயதுப் பெண். செர்ஜ் கான்ஸ்பூர் என்ற ஆண் எழுதிய அந்தப் பாட்டில் அவர் பாடும் மெழுகுப் பொம்மையாக நிற்கிறார். அந்தக் காலத்தின் ஏற்பாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது: ஆக்குவது ஆண், ஒலிப்பது பெண். 1969இல் சலோமே பாடிய பாட்டிலும் மரியா ஹோசே தெ செராட்டோ என்ற பெண்ணின் பெயர் ஆக்கியோர் வரிசையில் உண்டு. அதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

லென்னியின் வெற்றியில் ஒரு முரணும் இருக்கிறது. ஒரு பெண் இசையமைத்துப் பாடுகிறாள். பாட்டுக்குள் இருக்கும் பாடகனோ ஆண். த்ரூபாதூர் என்றால் ஆண் என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் சித்திரம். ஆனால் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் பெண்களும் பாட்டுக் கட்டினார்கள். அவர்களுக்குத் 'த்ரோபைரித்ஸ்' என்ற தனிச்சொல்லே உண்டு. சுமார் இருபது பேரின் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன. அவர்களுடைய பாடல்களில் ஒன்றே ஒன்றுதான், தியா நாட்டுக் கோமாட்டியுடையது, இசைக்குறிப்போடு கிடைத்திருக்கிறது. மற்றவர்களின் சொற்கள் தங்கின, மெட்டுகள் போய்விட்டன.

மெட்டு தொலைந்தால், அதைக் கட்டியவளும் வெறும் பாடுகிறவளாகிவிடுவாள். லென்னி கூரை 'நான்கு பாடகிகளில் ஒருவர்' என்று மட்டும் எழுதும்போது நடப்பதும் இதுதான். ஒரு பெண் பாடுவதைக் கேட்டுக் குரல் இனிமை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். மெட்டு யாருடையது என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். சில சமயம் அதற்கும் அவளே பதிலாக இருப்பாள்.